காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் வேண்டும்



மழைக்காலம் வந்துவிட்டால் நம் மஹல்லாவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பது வழக்கமாகிவிட்டது. "வைரல் காய்ச்சல்தான், மூணு நாள்ல சரியாயிடும்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஆனால் எல்லா வைரஸ் காய்ச்சலும் ஒன்றல்ல. எது தானாகச் சரியாகும், எதில் நாம் ஏமாந்துவிடக் கூடாது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகவே இந்த மாதப் பாடம்.

2017ஆம் ஆண்டு புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் டெங்குவால் நம் சேலம் மாவட்டம் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் நம் தெருவில் ஒரு சகோதரரின் ஏழு வயது மகளுக்கு நான்கு நாளாகக் கடுமையான காய்ச்சல். ஐந்தாம் நாள் மஃரிப் தொழுது வெளியே வரும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. "காய்ச்சல் விட்டுருச்சு பாய். உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு. நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றார். நானும் "அல்ஹம்துலில்லாஹ், போயிட்டு வாங்க" என்றேன்.

அன்றிரவு பத்து மணிக்கு அவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பிள்ளையின் நன்னிதான் முதலில் கவனித்திருக்கிறார். காலையிலிருந்து பிள்ளை சிறுநீர் கழிக்கவில்லை, கைகால் சில்லிட்டுப் போயிருக்கிறது, வயிறு வலிக்கிறது என்று முனகுகிறாள், கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவே சலித்துக்கொள்கிறாள். இரவோடு இரவாக மேட்டூருக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் கொண்டு போனோம். ஆறு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்து வந்தாள்.

காய்ச்சல் விட்டதை நாங்கள் குணம் என்று நினைத்தோம். அது நோய் அடுத்த கட்டத்துக்குப் போன நேரம். எழுதப் படிக்கத் தெரியாத நன்னிக்குத் தெரிந்தது, மதரஸாவும் கல்லூரியும் படித்த எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன அந்த "போயிட்டு வாங்க" இன்றும் மனதை உறுத்துகிறது.

வைரஸ் என்றால் என்ன?

நோய் தரும் கிருமிகளில் இரண்டு வகைகளை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஒன்று பாக்டீரியா, மற்றொன்று வைரஸ். பாக்டீரியா தானே உணவு எடுத்துத் தானே பெருகும் ஓர் உயிர். வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. அதனால் தனியாகப் பெருக முடியாது. மனித உடலின் உயிரணுவுக்குள் புகுந்து, அந்த உயிரணுவையே தன்னைப் போன்ற வைரஸ்களை உண்டாக்கும் பட்டறையாக மாற்றிவிடும்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வீண் செலவு. அத்துடன், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகவும் அது வழி செய்கிறது. பெரும்பாலான வைரஸ் நோய்களை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே வெல்கிறது. அது வெல்லும்வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

வைரஸ் வரும் நான்கு வாசல்கள்

ஒரு நோயிலிருந்து தப்ப வேண்டுமானால் அது எந்த வாசல் வழியாக வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். காற்று வழியாக வரும் நோய்க்குக் கொசுவலை கட்டிப் பயனில்லை. கொசு வழியாக வரும் நோய்க்கு முகக்கவசம் போட்டுப் பயனில்லை.

முதல் வாசல் காற்றும் எச்சில் துளியும். சளி, இன்ஃப்ளூயன்சா, கொரோனா, தட்டம்மை, சின்னம்மை ஆகியவை இருமல், தும்மல், நெருங்கிப் பேசுதல் மூலம் பரவுகின்றன. இவற்றில் தட்டம்மை மிக வேகமாகப் பரவக்கூடியது. காய்ச்சல், கண் சிவத்தல், மூக்கொழுகுதல், பிறகு முகத்தில் தொடங்கி உடலெங்கும் இறங்கும் சிவப்புத் தடிப்பு ஆகியவை இதன் அடையாளம். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, ஒன்றரை வயதையொட்டி மறு தவணை என அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசி இதைத் தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை நம்பி இதைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாம் வாசல் தண்ணீரும் உணவும். மஞ்சள் காமாலையில் ஏ, ஈ என்ற இரண்டு வகைகள் அசுத்தமான குடிநீர் மூலம் வருகின்றன. பசியின்மை, குமட்டல், களைப்பு, சிறுநீர் அடர் மஞ்சளாதல், கண் மஞ்சளித்தல் ஆகியவை அறிகுறிகள். காய்ச்சி ஆறிய நீரும், கழிப்பறைக்குப் பின்னும் சாப்பாட்டுக்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் இதற்குக் காப்பு.

மூன்றாம் வாசல் இரத்தமும் காயமும். மஞ்சள் காமாலையின் பி வகை, இரத்தம் வழியாகவும் தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும் பரவுகிறது. நாய்க்கடியால் வரும் ரேபிஸ், கடித்த காயத்தின் வழியாக நுழைகிறது. ரேபிஸின் அறிகுறி தோன்றிய பிறகு உயிர் தப்புவது அநேகமாக இல்லை. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

நான்காம் வாசல் கொசு. டெங்குவும் சிக்குன்குனியாவும் இந்த வழியில் வருகின்றன. 2006ஆம் ஆண்டு தமிழகமெங்கும் மூட்டு முடக்கிப் போட்ட சிக்குன்குனியாவை அன்று நடுத்தர வயதில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே கொசுதான் இரண்டையும் பரப்புகிறது. சிக்குன்குனியாவில் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கும். உயிருக்கு ஆபத்து குறைவு. டெங்குவில் வலி சில நாளில் போய்விடும். உயிருக்கு ஆபத்து அதிகம். அதனால் இனி டெங்குவை மட்டும் பார்ப்போம்.

டெங்கு எப்படிப் பரவுகிறது?

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் என்னும் கொசு. கருத்த உடலும் கால்களில் வெள்ளை வரிகளும் கொண்டது. சாக்கடையில் பிறக்கும் கொசு வேறு. இது நல்ல தண்ணீரில் பிறப்பது. இரவில் கடிக்கும் கொசு வேறு. இது பகலில் கடிப்பது. காலையில் வெயில் ஏறும் நேரமும், பொழுது சாயும் முன் உள்ள நேரமும் இது அதிகம் கடிக்கும் நேரங்கள். நாமோ இரவுக்கு மட்டும் கொசுவத்தி ஏற்றுகிறோம்.

டெங்கு நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் வைரஸ் பெருக எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதன்பின் அந்தக் கொசு சாகும்வரை கடிக்கும் எவருக்கும் நோயைத் தர முடியும். இந்தக் கொசு தொலைதூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் வாழ்கிறது. ஆகவே உங்கள் பிள்ளையைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

நோயாளியைத் தொடுவதாலோ, அவருடன் உட்கார்ந்து சாப்பிடுவதாலோ டெங்கு வராது. நோயாளியை நலம் விசாரிக்கப் போகும் நன்மையை இதற்குப் பயந்து விட வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல் உள்ள நாட்களில் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். அவரைக் கொசு கடித்தால் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டு போகும்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானவருக்கு அதே வகை மறுபடி வராது; மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. "எனக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சு" என்று அலட்சியமாக இருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நோயின் மூன்று கட்டங்கள்

கொசு கடித்து நான்கு முதல் பத்து நாட்களில் காய்ச்சல் தொடங்கும்.

முதல் கட்டம் காய்ச்சல் நாட்கள். 104 டிகிரி வரை ஏறும் காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பது போன்ற உடல்வலி, வாந்தி, சிலருக்குத் தோலில் சிவப்புப் புள்ளிகள். இது இரண்டு முதல் ஏழு நாள் நீடிக்கும்.

இரண்டாம் கட்டம்தான் ஆபத்தான கட்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இது தொடங்கும். எல்லோருக்கும் இது வருவதில்லை. பலர் இந்த இடத்திலேயே நேராகக் குணமாகிவிடுவார்கள். ஆனால் சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தில் உள்ள நீர் வெளியே கசியத் தொடங்கும். இரத்தம் கெட்டியாகும், இரத்த அழுத்தம் விழும், கைகால் சில்லிடும். "உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு" என்று அன்று அந்தத் தகப்பன் சந்தோஷப்பட்டது இதைப் பார்த்துத்தான். காய்ச்சல் இறங்கிய பிறகு 24 முதல் 48 மணி நேரம் மிகுந்த கவனம் தேவை.

மூன்றாம் கட்டம் தேறும் நாட்கள். கசிந்த நீர் மறுபடி இரத்தத்தில் சேரும். பசி எடுக்கும், சிறுநீர் நன்றாகப் போகும், முகம் தெளியும். உண்மையான குணத்துக்கு இவையே அடையாளம்.

எனவே காய்ச்சல் விட்டதும் தெர்மாமீட்டரைப் பார்த்து நிம்மதி அடையாமல் பிள்ளையைப் பாருங்கள். விளையாடக் கேட்கிறதா? சாப்பிடக் கேட்கிறதா? ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்ததா? ஆம் என்றால் அல்ஹம்துலில்லாஹ். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது:

கடுமையான வயிற்றுவலி.
நிற்காத வாந்தி.
பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம். கறுப்பாக மலம் போவது.
கைகால் சில்லிட்டுப் பிசுபிசுவென வியர்ப்பது.
சிறுநீர் குறைவது.
மூச்சு வாங்குவது.
மிகுந்த சோர்வு, அல்லது நிலைகொள்ளாமல் புரளுவது.

இந்த நேரத்தில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சந்தேகம் கேட்க அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. ஆட்டோ வாடகைக்குப் பணம் இல்லை என்பதற்காக எவரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். எந்த நேரமானாலும் டிரஸ்ட் நிர்வாகிகளில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆனால் உயிரைக் காக்கும் சிகிச்சை இருக்கிறது, அது தண்ணீர். வாய்வழியாகக் குடிக்க முடிந்தவர்களுக்குக் கஞ்சி, மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல். முடியாதவர்களுக்கு மருத்துவமனையில் அளந்து ஏற்றும் டிரிப்ஸ். உரிய நேரத்தில் இந்தச் சிகிச்சை கிடைத்தால் கடுமையான டெங்குவில் கூட நூறில் ஒருவருக்கும் குறைவாகவே உயிரிழப்பு ஏற்படுகிறது. மத்திய அரசின் கணக்கில் 2017இல் தமிழகத்தில் 23,294 பேருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அவற்றின் ஊசிகளும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். "ஒரு ஊசி போட்டா கேட்டுடும்" என்று எங்கும் போய் நிற்க வேண்டாம். நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்குகிறது. அதைக் குடிப்பவர்கள் குடிக்கட்டும். ஆனால் அதையோ பப்பாளி இலைச் சாற்றையோ நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரத்தத் தட்டணு குறைந்துவிட்டது என்று கேட்டதும் பதறுகிறோம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது டெங்குவில் குறைவது இயல்பு. அந்த எண்ணை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. இரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது, அழுத்தம் எப்படி இருக்கிறது என்பதையும் மருத்துவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் மறுபடி மறுபடி இரத்தம் எடுத்தால் கோபப்படாதீர்கள்.

நம் வீட்டு டிரம்முக்குள்

பக்கத்திலேயே மேட்டூர் அணை இருந்தும், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துச் சேர்த்து வைப்பதே நம் ஊர் வாழ்க்கை. வீட்டுக்கு இரண்டு நீல டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, மாடியில் ஒரு டேங்க். ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

அந்தப் பிள்ளை சேலத்தில் இருந்த நாட்களில், கொசு ஒழிப்புப் பணியாளரான ஒரு சகோதரி எங்கள் தெருவுக்கு வந்தார். பல வீடுகளில் "ஆம்பளைங்க இல்லை, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வந்தவரோ பெண். நான் அவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். கடைசியில் நம் மதரஸாவுக்கு வந்தோம். அங்கே பூட்டிக் கிடந்த கழிப்பறையின் ஃபிளஷ் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தினமும் காலையில் நாற்பது பிள்ளைகள் ஓத வரும் இடம். பிறர் வீட்டு டிரம்மைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு வாயடைத்துப் போயிற்று.

இரவில் பாத்திரங்களையும் தண்ணீர்ப் பைகளையும் மூடி வைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்ததை நாம் அனைவரும் மக்தபில் படித்திருக்கிறோம். சுன்னத் என்று பரீட்சையில் எழுதினோம். டிரம்மைத் திறந்து வைத்தோம். பகலிலும் மூட வேண்டிய நிலை இன்று வந்திருக்கிறது.

சிலர் "விதிச்சது வந்துதான் தீரும்" என்கிறார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே படையைத் திருப்பி அழைத்துச் சென்றார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல.

வாரம் ஒரு நாள்

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் எந்தப் புழுவும் கொசுவாகாது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்ட வைக்கிறது. அந்த முட்டை தண்ணீரே இல்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் நிரம்பியதும் பொரிக்கும். ஆகவே உட்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு, ஜும்ஆவுக்கு வீட்டைச் சுத்தம் செய்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

1. டிரம், குடம், தொட்டி ஆகியவற்றைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, இறுக்கமாக மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள்.
2. மாடி டேங்க் மூடியில் ஓட்டை இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.
3. பிரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏர்கூலர், பூந்தொட்டித் தட்டு, கோழிக்கும் ஆட்டுக்கும் தண்ணீர் வைக்கும் சட்டி ஆகியவற்றைக் காலி செய்யுங்கள்.
4. பழைய டயர், உடைந்த பக்கெட், தேங்காய்த் தொட்டி, டீ கப் ஆகியவற்றை மொட்டை மாடியிலும் சந்திலும் கிடக்க விடாதீர்கள்.
5. காலி செய்ய முடியாத பெரிய தொட்டியில் பணியாளர்கள் அளந்து ஊற்றும் அபேட் மருந்தைத் தடுக்காதீர்கள். கிணற்றிலும் தொட்டியிலும் கம்பூசியா, கப்பி மீன்களை விடலாம். அவை கொசுப் புழுவைத் தின்னும். அந்தக் காலப் பள்ளிவாசல்களின் ஹவுளில் மீன் நீந்தியது அழகுக்கு மட்டுமல்ல போலும்.
6. பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

மதரஸா, பள்ளிவாசல் மாடி, மய்யித் குளிப்பாட்டும் இடம், டிரஸ்டின் வாடகைக் கடைகள் ஆகியவற்றை நிர்வாகிகளே வாரந்தோறும் பார்த்துக் கையெழுத்திடுவது என்று அந்த ஆண்டே முடிவு செய்தோம். அந்த நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது. எந்தச் சகோதரரும் வந்து பார்க்கலாம். ஒரு வாரம் கையெழுத்து விடுபட்டிருந்தால் கேள்வி கேட்கலாம்.

அன்று சில்லிட்ட காலோடு தூக்கிப் போன பிள்ளை வளர்ந்துவிட்டாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். எந்த வீட்டிலாவது "காய்ச்சல் விட்டுருச்சு பாய்" என்றால், "அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை ஒண்ணுக்குப் போச்சா? சாப்பாடு கேக்குதா?" என்று கேட்கிறேன். இதை வாசிக்கும் நீங்களும் அப்படிக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் குழந்தைகளையும், மேச்சேரியில் வாழும் எல்லா மக்களின் குழந்தைகளையும் நோய் நொடியிலிருந்து காப்பானாக. நோயுற்றோருக்கு முழு சுகத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்